கறுப்பில் போடாத தோல்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது சாப்பாடு. மூன்றாவது, குக்கர் கொண்டு போகலாமா என்பது. மூன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போன மாதம் வந்த நிவேதா மட்டும் வேறு ஒன்றைக் கேட்டாள். நான் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆம்பூர் தோல் கம்பெனியில், நான் உட்கார்ந்திருந்த அதே சோதனைக்கூடத்தில், இப்போது வேலை செய்கிற பெண் அவள். கம்பெனி அவளை ஒரு வருஷப் படிப்புக்கு இங்கிலாந்து அனுப்புகிறது.

"மேடம், அங்க போய்ட்டு வந்ததுல உங்களுக்கு இன்னா மாறிச்சு? இங்கிலீஷ் வந்துச்சு, தைரியம் வந்துச்சுன்னு சொல்லாதீங்க. அத எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

நான் சொல்ல வாயெடுத்தது அதைத்தான். மாட்டிக்கொண்டேன். ஏதோ சொல்லிச் சமாளித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு மனசு கேட்கவில்லை. நல்ல கேள்வி கேட்ட பெண்ணை மழுப்பலாகப் பேசி அனுப்பியது தப்பு. அவள் விமானம் ஏறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் கணியம்பாடிப் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போவார். நான் படிப்பில் கொஞ்சம் கெட்டி. தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து இருபத்திரண்டு வயதில் கம்பெனியில் சேர்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் 'தோல்' என்ற சொல்லே வராது. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா, "கெமிக்கல் கம்பெனி" என்பாள். தோலைத் தொடுகிற வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தத் தெரு, என்ன ஆட்கள் என்று போகும். அதனால் நானும் பழகிக்கொண்டேன். கம்பெனிக்கு ஒரு புடவை, வீட்டுக்கு ஒரு புடவை. வேலை முடிந்ததும் மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். அப்படியும் வாடை விடாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் மேனேஜர் அஸ்லம் சார். நாற்பத்தைந்து வயது அப்போது. தண்ணீரும் சாயமும் தெறிக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றுவார். ஒரு சொட்டுக் கறை பட்டு நான் பார்த்ததில்லை. காலை ஏழரைக்கு வந்து, தோலையும் சாயத்தையும் போட்டுச் சுழற்றும் பெரிய டிரம்களை வரிசையாகத் தாண்டி நடப்பார். தோலைப் புறங்கையால்தான் தொடுவார். தொட்டதும் ஈரம் எவ்வளவு, எண்ணெய் ஏறியிருக்கிறதா, எந்த டிரம்மில் ஆள் தூங்கிவிட்டான், எல்லாம் தெரிந்துவிடும். குரல் உயர்த்த மாட்டார். அதட்டுகிறவரிடம் பயம் ஒரு நாளில் போய்விடும். இவரிடம் எங்களுக்கு முப்பது நாளும் பயம்.

ஒரு லாட், அதாவது ஒரு டிரம்மில் சேர்த்துப் போட்ட தோல், கெட்டுப்போனால் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "கறுப்புல போட்டுடுங்க."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழுப்புச் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிட்டதா, சிவப்பு வெளுத்துவிட்டதா, தோலை மறுபடி டிரம்மில் போட்டுக் கறுப்புச் சாயம் ஊற்றினால் எல்லாம் மூடிவிடும். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த டிரம் ஆளைக் கேட்டாலும் இந்த வைத்தியத்தைச் சொல்வான். கறுப்பில் போட்ட பிறகு யார் கெடுத்தது, எப்படிக் கெட்டது என்ற பேச்சே கிடையாது. அஸ்லம் சாரும் கேட்க மாட்டார். அது அவருடைய பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் சேர்ந்து ஐந்து வருஷம் ஆனபோது, தோல் படிப்புக்காக ஒருவரை இங்கிலாந்து அனுப்பும் வாய்ப்பு கம்பெனிக்கு வந்தது. அஸ்லம் சார் என் பெயரைச் சொன்னார். முதலாளிக்கு இஷ்டமில்லை. பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் என்று போய்விடும், அனுப்பி என்ன பிரயோஜனம் என்றார். "இது ஒழுங்கா போய்ட்டு வரட்டும். வந்தா அடுத்தது இன்னொரு பொண்ண அனுப்பலாம். வரலன்னா இத்தோட விட்டுடலாம்" என்றாராம் அஸ்லம் சார். எனக்குப் பின்னால் வரப்போகிற பெண்களின் ஜாதகமும் சேர்த்து என் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

குளிரை விட்டுவிடுகிறேன். போய் இறங்கிய முதல் வாரம் என்னை உலுக்கியது நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள். பக்கத்து வீட்டாரிடமெல்லாம் என்னைக் கூட்டிப்போய், "இந்தப் பெண் தோல் படிக்க வந்திருக்கிறாள், எவ்வளவு தூரத்திலிருந்து பாருங்கள்" என்று பெருமையாக அறிமுகம் செய்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தெருவில் நின்று இப்படிச் சத்தமாகச் சொல்கிறாளே என்று. அவர்களோ அப்படியா, என்ன தோல், ஆடா மாடா என்று கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை.

எங்களுக்குச் சாயப் பாடம் எடுத்தவர் ஹோவர்ட். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. கடைசி நாள் வரைக்கும் சார்தான். நல்ல தோல் கையில் கிடைத்தால் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குழந்தையை அணைப்பது போல இருக்கும். முதல் முறை பார்த்தபோது நான் திகைத்துப்போனேன். என் ஊரில் தொட்டால் கை கழுவுகிற பொருள் அது.

சாயம் போடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பதனிட்ட தோலுக்குள் அமிலம் இருக்கும். அதை டிரம்மில் மெல்ல மெல்லத் தணிக்க வேண்டும். தணிந்துவிட்டதா என்று பார்க்க, தோலில் ஒரு சின்ன வெட்டு வெட்டி, அந்த விளிம்பில் ஒரு மருந்துச் சொட்டு விட வேண்டும். வெட்டு முழுக்க நீலமானால் சரி. நடுவில் மஞ்சள் தெரிந்தால் உள்ளே இன்னும் அமிலம் இருக்கிறது, காத்திரு என்று அர்த்தம். வெட்டுவது கழுத்துப் பக்கமாக இருக்க வேண்டும். அங்கேதான் தோல் தடிமன். வயிற்றுப் பக்கம் மெலிசாக, தளர்வாக இருக்கும். அங்கே சீக்கிரம் நீலமாகிவிடும். அதை நம்பிச் சாயம் ஊற்றினால் கழுத்திலும் முதுகிலும் சாயம் அப்பிக்கொண்டு திட்டாகிவிடும்.

இவ்வளவு தெரிந்த நான் அங்கே என்ன செய்தேன்? அவசரத்தில் கைக்குக் கிடைத்த வயிற்றுப் பக்கத்தை வெட்டி, நீலம் என்று சந்தோஷப்பட்டு, சாயத்தை ஊற்றினேன். கன்றுத் தோல் ஒன்று முழுசாகப் பாழ். யாரும் பார்க்கவில்லை. அதைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்து அறையில் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் ஹோவர்ட் எண்ணிப் பார்த்துவிட்டு, உன்னுடையது நான்கு தோல், ஒன்று எங்கே என்றார். சோதனைக்கு வெட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு நீளமான நடைபாதை ஒன்றுக்குப் போனார். சுவர் முழுக்கத் தோல் துண்டுகள் ஆணியடித்துத் தொங்கின. சாதனைக் கண்காட்சி போலிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் கெட்ட தோல். வெந்தது, வெடித்தது, கறை பிடித்தது. ஒவ்வொன்றின் கீழும் கெடுத்தவர் பெயர், என்ன தப்பு, எதனால் என்று மூன்று வரி. முதல் வரிசையில் ஒரு காய்ந்த துண்டின் கீழ் ஹோவர்டின் பெயர் இருந்தது. மாணவராக இருந்தபோது கெடுத்ததாம். "உன்னுடையது இங்கே தொங்காவிட்டால் அடுத்த வருஷம் வருகிறவர் அதே தப்பைச் செய்வார். அப்போது அது இரண்டு பேருடைய தப்பு" என்றார்.

அறைக்குப் போய்த் தோலை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை. பெயரும் தப்பும் காரணமும் எழுதி நானே ஆணியடித்தேன். மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் கூடப் படித்தவர்கள் என்னைத் தேடி வந்து, கழுத்தை வெட்டியிருந்தால் எந்த நிறம் வந்திருக்கும், எவ்வளவு நேரம் விட்டிருக்க வேண்டும் என்று விசாரித்தார்கள். பரிகாசமே இல்லை. என் தப்பைப் பற்றி நாலு பேர் அக்கறையாகக் கேட்க, நான் அரைமணி நேரம் நின்று பேசினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அரைமணி நேரம் அதற்கு முன் வந்ததில்லை.

ஊர் திரும்பியதும் சித்தி மகள் கல்யாணத்தில் ஒரு பெரியவர், என்ன படிப்பு படித்துவிட்டு வந்தாய் என்று கேட்டார். அம்மா கெமிக்கல் என்று ஆரம்பிப்பதற்குள் நான், "தோல் படிச்சிட்டு வந்திருக்கேன் மாமா. ஆட்டுத் தோல், மாட்டுத் தோல்" என்றேன். பந்தியில் இரண்டு பேர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அந்தச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

இவ்வளவு பெருமை அடித்துக்கொண்டவள் அடுத்து என்ன செய்தேன் என்பதுதான் கதை.

அடுத்து அனுப்பப்படும் பெண் ஷபானா என்று முடிவாகியிருந்தது. டிரம்மில் வேலை பார்க்கிறவரின் மகள். சோதனைக்கூடத்தில் எனக்கு உதவியாள். இருபத்து மூன்று வயது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் சொல்லி முடிப்பதற்குள் செய்து முடிப்பவள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவள் அம்மா ஸ்வெட்டர்கூடப் பின்னி வைத்தாகிவிட்டது. முதலாளியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்த நேரத்தில் குழந்தைகளின் பள்ளிக்கூட ஷூவுக்கு உள்பக்கம் வைக்கும் தோலுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மூன்று லாட். ஒன்று பழுப்பு, இரண்டு கறுப்பு. பழுப்பு நிறத்துக்குச் செய்முறை நானே எழுதினேன், நானே டிரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டில் படித்தவள் அல்லவா, யாரையும் கிட்டவிடவில்லை. டிரம்மை நிறுத்தி, உள்ளே கைவிட்டு, அகப்பட்ட தோலை இழுத்து வெட்டினேன். நீலம். சாயத்தை ஊற்றச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து எண்ணூறு ஆட்டுத் தோலும் சிறுத்தைப் புலி மாதிரி திட்டுத் திட்டாக வெளியே வந்தன. நான் வெட்டியிருந்தது வயிற்றுப் பக்கம். பெயரெழுதி ஆணியடித்த தப்பையே இரண்டாம் தடவை செய்திருந்தேன்.

டிரம் ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஷபானாவின் முகம்தான் கண்ணில் வந்தது. அனுப்பிப் படிக்கவைத்தவளே இப்படி என்றால் இன்னொருத்தியை எதற்கு அனுப்ப வேண்டும் என்று முதலாளி கேட்பார். அதற்கு என்ன பதில்? அது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் என் மானம். அதையும் சொல்லிவிடுகிறேன். என் வாயிலிருந்து அஸ்லம் சாரின் வாக்கியம் அப்படியே வந்தது.

"கறுப்புல போட்டுடுங்க."

ஒரு லாட் பழுப்புக்குப் பதிலாக மூன்றும் கறுப்பாக இருந்தால் போதுமா என்று கேட்டு, வாங்குகிறவர்களிடம் சம்மதமும் வாங்கிவிட்டார்கள். நிறம் மாற்றியதற்குக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. தோல் காய்ந்து சோதனைக்கு வந்தது. வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கும் சோதனை. காய்ந்த துணியில் கறை இல்லை. நனைத்த துணியால் தேய்த்தேன். மை பூசினது போல வந்தது. வேறு தோல் எடுத்தேன், அதிலும் அப்படியே. பழுப்புக்கு மேல் அவசரமாக ஏற்றிய கறுப்பு தோலில் பிடிக்காமல் மேலாக நின்றுகொண்டிருந்தது. ஒரு குழந்தை ஓடி விளையாடிக் கால் வியர்த்தால் வெள்ளைச் சாக்ஸ் கறுப்பாகும். சாக்ஸ் இல்லாமல் போட்டால் காலே கறுப்பாகும்.

பக்கத்தில் ஷபானா நின்றிருந்தாள். அந்தத் துணியை அவள் பார்த்துவிட்டாள். மெதுவாக, "நான் பாக்கலன்னு வச்சிக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

துணியை எடுத்துக்கொண்டு அஸ்லம் சாரிடம் போனேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை வாங்குகிறவர்களின் ஆள் பார்வையிட வருகிறார், அதற்குள் இருபது தோலை நன்றாகக் கழுவி, சாயத்தை இறுக்கி, அடுக்கிக் கட்டிய தோல் கட்டுகளுக்கு மேலே வைத்துவிடு என்றார். அதுவும் எங்கள் பக்கத்துப் பழக்கம்தான். கட்டின் மேலே இருப்பது எப்போதும் மாப்பிள்ளைத் தோல். நான் தயங்கி நின்றேன்.

"இதப் பாரும்மா," என்றார் அதே தணிந்த குரலில். "நீ வாயத் தொறந்தா உன்னோட நிக்காது. அந்தப் பொண்ணு பேப்பர்ல முதலாளி கையெழுத்து போட மாட்டார். உன் மனசு சுத்தமாயிடும். அது வீட்ல உக்காந்துக்கும். யோசிச்சுக்கோ."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் கஷ்டம். இரண்டு நாள் யோசித்தேன். பேசாமல் இருக்க எத்தனை நியாயம் வேண்டுமோ அத்தனையும் கிடைத்தது. ஆனால் ஒரு இடத்தில் வந்து இடறியது. நான் மறைத்துவிட்டு ஷபானாவை அனுப்பினால், அவள் அந்த நடைபாதைச் சுவரில் மல்லிகா என்ற என் பெயரைப் படிப்பாள். கழுத்தை வெட்டாமல் வயிற்றை வெட்டினேன் என்று நான் எழுதி வைத்ததைப் படிப்பாள். படித்துவிட்டு, அங்கே ஒரு மல்லிகா, இங்கே ஒரு மல்லிகா என்று நினைப்பாள். அதை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது.

வியாழக்கிழமை முதலாளி, அஸ்லம் சார், வாங்குகிறவர்களின் ஆள் மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். வந்தவர் நெட்டையான வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். வருஷக்கணக்காக வருகிறார். ஒவ்வொரு கட்டையும் பிரித்து அடியிலிருந்து தோல் உருவிப் பார்க்காமல் கையெழுத்து போட மாட்டார். அவர் முதல் கட்டின் மேல் கை வைக்கும்போது நான் அந்தத் துணியை மேஜையில் வைத்தேன். ஒரு தோலை எடுத்துக் கத்தியால் வெட்டி விளிம்பைக் காட்டினேன். மேலே கறுப்பு, நடுவில் பழுப்பு. இந்த லாட்டைப் பழுப்பில் கெடுத்தது நான், கறுப்பில் போடச் சொன்னதும் நான், ஈரத்தில் சாயம் விடுகிறது, இதை எடுக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. அஸ்லம் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டு லாட் எப்படி என்று என்னைக் கேட்டார். நன்றாக இருக்கின்றன, நானே ஈரத்தில் சோதித்தேன் என்றேன். அவர் அந்த இரண்டு லாட்டுக்கும் கையெழுத்துப் போட்டார். கட்டைப் பிரிக்கவில்லை. எனக்கு இருந்த படபடப்பில் அது அப்போது மனசில் பதியவில்லை.

அவர் போன பிறகு முதலாளி கேட்டது ஒரே கேள்வி: இதற்காகவா உன்னை அனுப்பினோம்? அப்புறம், இனிமேல் யாரும் எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஷபானாவிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். "உங்களுக்கு இன்னா அக்கா, நீங்க போய்ட்டு வந்துட்டீங்க" என்றாள்.

இந்த வயதிலும் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்துகிறது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு வாரம் என்னோடு வேலைப் பேச்சு தவிர வேறு பேசவில்லை. நான் கெட்ட தோலிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கீழே பெயரும் தப்பும் காரணமும் எழுதி, சோதனைக்கூடத்துக்கு வெளியே சுவரில் ஆணியடித்தேன். டிரம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறாயா என்று ஒருவர் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து வந்த அஸ்லம் சார் நேராகச் சோதனைக்கூடத்துக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். நானும் ஷபானாவும் எழுந்து நின்றோம். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புத் தோல் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். பழசு, விறைத்துப்போயிருந்தது. என் கத்தியை வாங்கி ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி என்னிடம் நீட்டினார். உள்ளே பச்சை.

"இருவது வருஷமா டிராயர்ல கிடக்குது," என்றார். "பச்ச லாட்டு. கெடுத்தது நான். கறுப்புல போட்டாச்சு. வெளியூர் போய் சாயம் விட்டுத் திரும்பி வந்துச்சு. யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. நான் பேசல. அன்னிக்கு டிரம்ல நின்னவன் பேர்ல போட்டு அவன வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நாட்றம்பள்ளி பக்கம் எங்கயோ போய்ட்டான்னு கேள்வி. தேடினேன், கிடைக்கல."

கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, "அதுலேர்ந்து யார் கெடுத்ததுன்னு நான் யாரையும் கேக்கறதில்ல. கேக்க எனக்கு வாய் இல்லம்மா" என்றார்.

நாங்கள் பெருந்தன்மை என்று நினைத்தது அதுதான். அவர் சுத்தியலைக் கேட்டார். ஷபானா எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டையோடு சுவர் அருகே நின்று, என் துண்டுக்குப் பக்கத்தில் தன் துண்டை அவரே ஆணியடித்தார். பெயரை முழுசாக எழுதினார். அந்த டிரம்காரரின் பெயரையும் எழுதி, அவர் மேல் தப்பில்லை என்று அடியில் சேர்த்தார். பிறகு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. ஒன்று மட்டும் பின்னால் அவரே சொன்னார். "அந்த வெள்ளக்காரன் நம்ம கட்ட ஒரு தடவையாவது பிரிக்காம கையெழுத்து போட்டிருக்கானா? அன்னிக்குப் போட்டான். எதனாலன்னு கேட்டேன். முதலாளி அந்தப் பொண்ணு பேப்பர எடுத்துட்டு வரச் சொன்னார்." மறுநாள் சனிக்கிழமை ஷபானாவின் காகிதம் கையெழுத்தாகி வந்தது.

ஷபானா போய் இறங்கி எழுதிய முதல் கடிதத்தில் குளிர் இல்லை, சாப்பாடு இல்லை. "அக்கா, சுவத்துல உங்க தோலப் பாத்தேன். பக்கத்துல நின்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், இவங்க எங்க ஊர், எனக்கு அக்கா" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவளே முந்திக்கொண்டு, "எம்பொண்ணு தோலு கம்பெனில பெரிய ஆபீசரு" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆபீசர் என்பது அவள் கொடுத்த பதவி.

இன்று அஸ்லம் சார் உட்கார்ந்த நாற்காலியில் ஷபானா இருக்கிறாள். ஷபானாவுக்குப் பிறகு ஒன்பது பேர் போய்விட்டு வந்திருக்கிறார்கள், அதில் ஏழு பேர் பெண்கள். கறுப்பில் போடுவது நின்றுவிட்டதா என்றால் இல்லை. எண்ணூறு தோலை யார் குப்பையில் போடுவார்கள்? ஆனால் போடுவதற்கு முன் ஒரு துண்டு வெட்டிச் சுவரில் அடிக்க வேண்டும், வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும், ஈரத் துணி வெள்ளையாக வரும் வரை வெளியே விடக் கூடாது. இந்த மூன்றும் எங்கள் கம்பெனியில் சட்டம். அதை எழுதியது நான். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

நான் ஓய்வு பெற இரண்டு நாள் இருந்தபோது ஒரு சிவப்பு லாட்டில் எடைக் கணக்கைத் தப்பாகப் போட்டு நிறம் வெளுத்துவிட்டது. "ரெண்டு நாள்தான மேடம், விட்டுடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பிள்ளைகள் அன்பாகத்தான் சொன்னார்கள். நான் சுத்தியலை எடுத்துவரச் சொன்னேன். பிரிவு உபசார நாளில் சால்வை போர்த்திய கையோடு ஷபானா என்னை அந்தச் சுவருக்குக் கூட்டிப்போனாள். முதல் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா அக்கா, கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம், அது வேலை செய்துகொண்டிருக்கிறது, நான் மட்டும் போகிறேன் என்றேன்.

நிவேதா, உன் கேள்விக்கு இதுதான் பதில். போவதற்கு முன் எனக்கு இரண்டு புடவை இருந்தது. வந்த பிறகு ஒன்றுதான். குக்கர் கொண்டு போ, சின்னதாக. அந்த நடைபாதை இன்னும் இருந்தால் என் தோலையும் ஷபானா அடித்துவிட்டு வந்த தோலையும் பார்த்துவிட்டு, உன்னுடையதை ஒன்று அடித்துவிட்டு வா. நம் சுவரில் உன் பெயரில் மூன்றுதான் இருக்கிறது. ஷபானாவுக்கு எட்டு. எனக்குப் பதினொன்று, இதுவரை யாரும் முந்தவில்லை.